மதங்கள் ஒரே படிக்கட்டா?

டெல்லி தாமரைக் கோவிலின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1986ல் திறக்கப்பட்ட அது பஹாய் மதத்தினருடையது. ஈரானில் பிறந்த பஹாவுல்லா (1817-1892) நிறுவிய மதம் இது. இவர்களின் முக்கியமான கொள்கை ஒன்று உண்டு. கடவுள் ஒருவரே, அவர் காலத்துக்கு ஏற்றபடி ஒவ்வொரு தூதரை அனுப்புகிறார் என்பதே அது. மோசே, கிருஷ்ணர், புத்தர், இயேசு, முகமது நபி, பாப், பஹாவுல்லா என்று பட்டியல் நீள்கிறது. பள்ளியில் ஒவ்வொரு வகுப்பாக ஏறுவது போல மனித குலம் ஏறுகிறதாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எந்த மதத்தையும் பொய் என்று தள்ளாத கொள்கை. தங்களுடையதே கடைசி என்றும் அவர்கள் சொல்வதில்லை. ஆயிரம் வருடத்துக்குக் குறையாமல் கழிந்த பிறகு இன்னொருவர் வருவார் என்கிறார்கள். ஆனால் நம் ஊர் வரலாற்றை இந்தப் படிக்கட்டில் ஏற்ற முடியுமா என்று பார்த்தால் இடிக்கிறது.

எங்கள் பொன்னேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். கரிகிருஷ்ணப் பெருமாள் கோவிலும் அகத்தீஸ்வரர் கோவிலும் இங்கே உண்டு. சித்திரைத் திருவிழாவில் பெருமாளும் சிவனும் எதிரெதிரே வந்து சந்திப்பார்கள். பஹாய் பட்டியலில் கிருஷ்ணருக்கு இடம் உண்டு. சிவனுக்கு? சைவத்தை யாரும் ஒரு தேதியில் நிறுவவில்லை, தூதர் என்று ஒருவர் வரவும் இல்லை. மகாவீரரும் அவர்கள் வழக்கமாகச் சொல்லும் பட்டியலில் இல்லை. புத்தர் இருக்கிறார். ஆனால் அவர் தன்னைக் கடவுள் அனுப்பியதாகச் சொல்லிக்கொண்டவர் அல்லவே!

வரிசையும் சரியாக வரவில்லை. 7ஆம் நூற்றாண்டு அப்பர், சமணத்தில் தருமசேனர் என்ற பெயரில் இருந்துவிட்டு சைவத்துக்குத் திரும்பினார் என்கிறது பெரியபுராணம். அவர் ஏறினாரா, இறங்கினாரா?

இதைவிட முக்கியமானவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914). சாதியால் மிதிக்கப்பட்ட மக்களுக்கு வழி தேடியவர். 1898ல் கர்னல் ஆல்காட் உதவியோடு இலங்கை சென்று பௌத்தரானார். சென்னை திரும்பி சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்டவர்கள் முன்பு பௌத்தர்களாக இருந்தவர்களே என்பது அவர் வாதம். அந்த வாதத்தை வரலாற்றாசிரியர்கள் எல்லோரும் ஏற்பதில்லை. அது வேறு விஷயம். சமத்துவம் தேடிய ஒருவர் 2500 வருடம் பின்னால் போய் அதைக் கண்டெடுத்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. 1956ல் நாக்பூரில் அம்பேத்கரும் லட்சக்கணக்கானவர்களும் அதையே செய்தார்கள். இத்தனைக்கும் பஹாவுல்லாவின் செய்தி அதற்கெல்லாம் முன்பே இந்தியாவுக்கு வந்துவிட்டது.

ஆன்மிக உண்மை மாறாது, சமூகச் சட்டம்தான் காலத்துக்குக் காலம் மாறும் என்று பஹாய்கள் பதில் சொல்வார்கள். அப்படியானால் அயோத்திதாசர் புத்தரிடம் தேடியது எது? சமூகத்துக்கான வழியைத்தானே?