அடையாற்று அற்புதங்களும் நம் மக்களின் கல்வியும்

நம் மக்களின் கல்வி வரலாற்றில் 1894ஆம் ஆண்டு மறக்கவொண்ணாத ஆண்டாகும். அவ்வாண்டில்தான் சென்னை அடையாற்றை அடுத்த ஊரூரில், பஞ்சமர் என்று அந்நாளில் அழைக்கப்பட்ட நம் மக்களின் பிள்ளைகளுக்கெனக் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். கிறித்தவ மறைப்பணியாளர்கள் அதற்கு முன்பே நம் சேரிகளில் பள்ளிகள் நடத்தி வந்தனர். 1893இல் சென்னை அரசும் பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. ஆயினும் ஊரூர்ப் பள்ளிக்கு நம் வரலாற்றில் தனியிடம் உண்டு. அதனை நிறுவியவரோடு ஏற்பட்ட தொடர்பே பின்னர்ப் பண்டிதர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கத்திற்கும் ஒரு வாயிலாக அமைந்தது.

அப்பள்ளிக்குப் பத்தாண்டுகளுக்கு முன்னர், அதே அடையாற்றில், அதே ஆல்காட்டின் இல்லத்தில், உலகமெல்லாம் பேசப்பட்ட ஒரு பெரும் பூசல் எழுந்தது. நம்புவோர் ஒரு புறமும் ஐயுறுவோர் மறுபுறமும் நின்று வாதிட்ட பூசல் அது. நம் இளைஞர்களுள் பலர் அதனை அறியார். பள்ளியை மட்டும் நினைவிற்கொண்டு பூசலை மறப்பது வரலாறாகாது. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது கல்வியின் பயன் யாது என்னும் வினாவிற்கே விடை கிடைக்கிறது என்பது நம் கருத்தாகும்.

பேழையும் கடிதங்களும்

பிரம்மஞான சபை 1875இல் நியூயார்க் நகரில் நிறுவப்பட்டது. அமெரிக்க வழக்கறிஞரான ஆல்காட்டும், உருசிய நாட்டில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையாரும் அதன் முதன்மையானவர்கள். 1879இல் பம்பாய் வந்த இருவரும் 1880இல் இலங்கையின் காலி நகரில் பஞ்சசீலம் ஏற்றனர். 1882 டிசம்பரில் சபையின் தலைமையிடம் அடையாற்றுக்கு மாறியது.

அடையாற்று மாளிகையின் மாடியில் 'மறைபொருள் அறை' என்று ஓர் அறை இருந்தது. அதன் சுவரில் மரப்பேழை ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. அம்மையாரின் படுக்கையறை அந்தச் சுவரின் மறுபுறம் இருந்தது. இமயத்திற்கு அப்பால் வாழும் மகாத்மாக்கள் எழுதிய கடிதங்கள் அப்பேழையில் தோன்றுவதாகவும், சில வேளைகளில் கூரையிலிருந்தே விழுவதாகவும் அன்பர்கள் நம்பினர். 1883இல் பேழையிலிருந்து விழுந்து உடைந்த பீங்கான் தட்டு ஒன்று, மீண்டும் பேழைக்குள் வைத்துத் திறந்தபோது முழுத் தட்டாக இருந்ததாம். அதனை நேரிற்கண்டு வியந்து சான்று கூறியவர் ஒரு படைத் தளபதி.

அந்த மாளிகையில் வீட்டுப் பொறுப்பாளர்களாக இருந்தவர்கள் எம்மா கூலோம், அலெக்சிஸ் கூலோம் என்னும் தம்பதியர். கணவர் தச்சுவேலை அறிந்தவர். 1884இல் ஆல்காட்டும் அம்மையாரும் ஐரோப்பா சென்றிருந்த காலத்தில், சபையினருக்கும் இத்தம்பதியருக்கும் மனவேறுபாடு முற்றி, இவர்கள் வெளியேற்றப்பட்டனர். அம்மையார் தமக்கு எழுதியவை என்று கூறி ஒரு கட்டுக் கடிதங்களை எம்மா கூலோம் சென்னையிலிருந்து வெளிவந்த கிறித்தவக் கல்லூரி இதழுக்குக் கொடுத்தார். 1884 செப்டம்பரில் அவை அச்சாயின. அற்புதங்கள் யாவும் முன்னேற்பாட்டோடு செய்யப்பட்டவை என்பதே அக்கடிதங்களின் சாரம். அவை போலி என்று அம்மையார் மறுத்தார்.

ஆய்வாளர் வந்தார்

1882இல் இலண்டனில் தொடங்கப்பட்ட உளவியல் ஆராய்ச்சிக் கழகம், உண்மையை நேரில் அறிய ரிச்சர்டு ஹாட்ஜ்சன் என்னும் இளைஞரை அனுப்பியது. அவர் ஆஸ்திரேலியாவிற் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றவர். 1884 டிசம்பரில் அவர் அடையாறு வந்து சேர்ந்தபோது பேழை இல்லை. சபையைச் சேர்ந்தவர்களே அதனை எரித்துவிட்டனர். ஆயினும் அவர் சோர்ந்துவிடவில்லை. சுவரை ஆராய்ந்தார், கண்டவர்களைத் தனித்தனியே வினவினார், கையெழுத்துகளை ஒப்புநோக்கினார். உடைந்து ஒன்றான தட்டைப் பற்றி அறியச் சென்னையிலிருந்த கடையின் கணக்கையே தேடிச் சென்றார். கூலோம் தம்பதியருக்காக ஒரே மாதிரியான இரண்டு தட்டுகள் விற்கப்பட்ட செய்தி அக்கணக்கில் இருந்தது. தளபதியின் சான்றை ஒரு கடைக்கணக்கு வீழ்த்தியது!

1885 டிசம்பரில் வெளியான அறிக்கை, அற்புதங்கள் வஞ்சனையால் விளைந்தவை என்று முடிவு கூறியது. ஆல்காட்டைப் பற்றி அது கூறியது நாம் கருதத்தக்கதாகும். அவர் அறிந்தே ஏமாற்றியவர் அல்லர், எளிதில் நம்பிவிடும் இயல்பினர் என்பதே அத்தீர்ப்பு. அதற்கு முன்பே, 1885 மார்ச் இறுதியில், அம்மையார் இந்தியாவை விட்டு நீங்கினார். மீண்டும் இங்குத் திரும்பாமலே 1891இல் இலண்டனில் மறைந்தார்.

கதை அத்துடன் முடியவில்லை. ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, 1986இல், அதே கழகத்தின் இதழில் கையெழுத்து ஆய்வாளர் வெர்னன் ஹாரிசன் ஒரு கட்டுரை எழுதினார். ஹாட்ஜ்சன் நடுநிலை தவறினார், அவருடைய கையெழுத்து ஆய்வு குறைபாடுடையது என்று அவர் எடுத்துக்காட்டினார். ஐயுற்றவரையும் ஐயுற்று ஆராய்வதே ஆய்வு. அது தட்டு மீண்டும் ஒட்டிக்கொண்டது என்பதற்குச் சான்றாகிவிடாது. ஆனால் தீர்ப்பு வழங்குவோரும் தம் சான்றுகளைப் பிறர் முன் வைத்தாக வேண்டும் என்பதை அது நமக்குக் கற்பிக்கிறது.

எப்புறம் நின்றனர்?

நம்புவோர் எல்லாரும் பேதையர், ஐயுறுவோர் எல்லாரும் மேதையர் என்று எளிதாகக் கோடு கிழித்துவிட வரலாறு இடந்தருவதில்லை. அடையாற்றுக் கடிதங்களை வெளியிட்ட கல்லூரி இதழார் மகாத்மாக்களின் அற்புதங்களைக் கடுமையாகச் சோதித்தனர். தம் வேதத்திற் கூறப்படும் அற்புதங்களுக்கு அச்சோதனையை வைக்கவில்லை. அதே காலத்தில் சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழை நடத்தி, எல்லா மதங்களின் அற்புதங்களையும் ஒருசேர வினவினர். சோதனை பொதுவாக இருத்தல் வேண்டும் என்னும் நேர்மை அவர்களிடம் இருந்தது.

மனிதரும் ஒரு புறத்திலேயே நிலைத்து நின்றாரல்லர். அடையாற்றில் திரை விலக்கிய ஹாட்ஜ்சன் பின்னர் அமெரிக்காவில் பைப்பர் என்னும் அம்மையாரின் ஆவிப் பேச்சை ஆராயப் புகுந்து, இறந்தோர் பேசுகின்றனர் என்பதை நம்புபவராகவே மாறினார். இங்கிலாந்தில் பிராட்லாவோடு சேர்ந்து நாத்திகம் பேசிய அன்னி பெசன்ட் அம்மையார் 1889இல் பிரம்மஞானியானார். அவர் 1909இல் எழுதிய கட்டுரை ஒன்றில், தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளை மேல்சாதிப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்த்தலாகாது, அவர்களுக்கு முதலில் தூய்மை கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டார். அதனை அண்ணல் அம்பேத்கர் பின்னாளில் எடுத்துக்காட்டிக் கண்டித்தார்.

ஆகவே நம்மைப் பொறுத்தவரை இரு வேறு வினாக்கள் உள்ளன. ஒருவர் கூறும் செய்தி உண்மையா என்பது முதல் வினா. அவர் நம்மை மனிதராக நடத்துகிறாரா என்பது இரண்டாம் வினா. எளிதில் நம்புபவர் என்று எள்ளப்பட்ட ஆல்காட், நம் பிள்ளைகளுக்கு ஊரூரிலும், பின்னர்க் கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர்ப் பகுதிகளிலும் பள்ளிகள் கண்டார். அந்நன்றியை நாம் மறவோம். ஆனால் நன்றிக் கடனுக்காக மகாத்மாக்களின் கடிதங்களை நம்ப வேண்டுவதில்லை. அதுபோலவே கடிதங்கள் பொய் என்பதற்காகப் பள்ளியின் மெய்யைக் குறைத்துப் பேசுதலும் வேண்டா.

காணாத காரணமும் கண்ட காரணமும்

அடையாற்றில் விழுந்த கடிதங்களைக் காட்டிலும் கொடிய ஓர் 'அற்புதச் செய்தி' இந்நாட்டில் நெடுங்காலம் ஆராயப்படாமலே வழங்கி வந்தது. முற்பிறவியிற் செய்த பாவத்தால் இப்பிறவியில் தீண்டத்தகாதவராய்ப் பிறந்தனர் என்பதே அச்செய்தி. அந்த முற்பிறவியைக் கண்டவர் யார்? அதற்குச் சான்று கேட்டு எந்த ஆய்வாளரும் கப்பலேறி வரவில்லை. ஒரு தட்டிற்குக் கணக்குக் கேட்டது உலகம். கோடிக்கணக்கான மாந்தரின் இழிநிலைக்குக் கணக்குக் கேட்கவில்லை. கன்மமும் மறுபிறவியும் பிரம்மஞானிகளுக்கும் உடன்பாடான கொள்கைகளே என்பதையும் நாம் மறத்தலாகாது.

அக்கணக்கைக் கேட்டவர்கள் நம்மிடையே தோன்றினார்கள். 1845இல் பிறந்த பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர். தமிழ்ப் புலமை மிக்கவர். அவர் 1898இல் ஆல்காட்டோடு இலங்கை சென்று, கொழும்பில் சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் அடுத்த ஆண்டு முதல் 'தமிழன்' என வழங்கியது. நாம் தாழ்ந்தது முற்பிறவிப் பாவத்தால் அன்று, பூர்வ பௌத்தராகிய நம்மைப் பகைவர் வீழ்த்தியதால் என்று அவர் எழுதினார். அரக்கனைக் கொன்ற நாள் என்று கூறப்படும் தீபாவளியை எள்ளின் நெய் கண்டறியப்பட்ட நாள் என்று விளக்கினார். அவருடைய சொல்லாராய்ச்சிகள் அனைத்தையும் இன்றைய வரலாற்றறிஞர் ஏற்பதில்லை. ஆயினும் அவர் செய்த மாற்றம் பெரிது. காணமுடியாத காரணம் இருந்த இடத்தில் ஆராயத்தக்க காரணத்தை அவர் வைத்தார். வரலாற்றுக் காரணத்தை ஏற்கலாம், மறுக்கலாம், சான்று தேடலாம்; முற்பிறவிக் காரணத்தை என்ன செய்ய இயலும்? தலைகுனிந்து ஏற்பதொன்றே வழி.

அவரோடு சமகாலத்தவரான பேராசிரியர் இலட்சுமி நரசு அறிவியல் கற்பித்தவர். 1907இல் ஆங்கிலத்தில் வெளியான அவருடைய 'பௌத்த சாரம்' என்னும் நூல், பௌத்தத்தை அற்புதக் கதைகளின்றி அறிவு நெறியாகவே எடுத்துரைத்தது. அதன் 1948ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு முன்னுரை வழங்கியவர் அண்ணல் அம்பேத்கர். அதே 1948இல் வெளியான தம் நூலில் தீண்டாமையின் தோற்றத்திற்கு வரலாற்றுக் காரணம் தேடினார் அண்ணல். 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பௌத்தம் ஏற்று, தம்மோடு ஏற்ற இலட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகளை வழங்கினார். இறந்தோருக்குச் சிராத்தமும் பிண்டமும் இடுவதில்லை என்பது அவற்றுள் ஒன்று. 1957இல் அவர் மறைவிற்குப்பின் வெளியான 'புத்தரும் அவர் தம்மமும்' என்னும் நூலில், நோயாளியையும் முதியவரையும் பிணத்தையும் கண்டு சித்தார்த்தர் துறவு பூண்டார் என்னும் வழக்கமான கதையையே அவர் வினவினார். இருபத்தொன்பது வயது வரை ஒருவர் இவற்றைக் கண்டிராமல் இருந்திருக்க முடியுமா என்பது அவர் வினா. தாம் போற்றிய புத்தரின் வரலாற்றிலும் பகுத்தறிவுக்கு ஒவ்வாததை அவர் விட்டுவைக்கவில்லை. மதத்தையே வேண்டாவென்றவரும் அல்லர் அவர். மனிதரை மனிதராக்கும் நெறியைத் தேடி ஏற்றவர். நம்பிக்கையும் ஆராய்ச்சியும் ஒரே நெஞ்சில் வாழ இயலும் என்பதற்கு அவரே நமக்குச் சான்றாவார்.

இளைஞர் கடமை

இவற்றையெல்லாம் வெள்ளி விழா மலரில் எழுத வேண்டிய காரணம் யாது? கல்விச் சங்கம் என்பது பள்ளிக்கட்டணமும் உதவித்தொகையும் வழங்குவதோடு நின்றுவிடும் அமைப்பன்று. நம் ஊர்களில் இன்றும் பேய் பிடித்தது என்றும், செய்வினை வைத்தனர் என்றும், குறி சொல்வோரையும் மந்திரிப்போரையும் நாடிப் பொருளை இழக்கும் குடும்பங்கள் உள. காய்ச்சல் முற்றியபின் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படும் குழந்தைகள் உள. மனநோய்க்கு ஆளானோரைச் சங்கிலியால் பிணைப்பதன் கொடுமையை 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் நாடே கண்டது. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகமொன்றில் பற்றிய தீயில், கட்டப்பட்டிருந்த காரணத்தால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். மருத்துவத்திற்குரிய நோயைப் பேயென்று எண்ணியதற்கு எளியோர் கொடுத்த விலை அது.

நம் முன்னோர் வழிபட்ட காவல் தெய்வங்களையும், அவ்வழிபாட்டில் உறைந்துள்ள நம் வரலாற்று நினைவுகளையும் நாம் இகழ்வதில்லை. பாட்டனாரை வணங்கும் மூதாட்டியை எள்ளி நகையாடுபவன் பகுத்தறிவாளன் அல்லன். அவன் தன் வீட்டிற்கே அயலானவன். வழிபாடு வேறு, வழிபாட்டைக் காட்டி அச்சுறுத்திப் பொருள் பறிப்பது வேறு. பின்னதை அஞ்சாது வினவுக என்பதே நம் வேண்டுகோள். சொல்பவர் நேரிற்கண்டாரா? அதனால் பயன் பெறுவோர் யார்? வேறு எளிய காரணம் உண்டா? அடையாற்றில் கடைக்கணக்கைத் தேடிச் சென்ற இளைஞர் கேட்டவை இவ்வினாக்களே. பிறரிடம் கேட்கும் இவற்றை நாம் விரும்பும் தலைவரிடத்தும், நாம் எழுதும் வரலாற்றிடத்தும் கேட்டல் வேண்டும்.

ஊரூரில் தோன்றிய பள்ளி ஆல்காட் நினைவுப் பள்ளியாக இன்றும் நடந்து வருகிறது. கூரையிலிருந்து கடிதம் விழும் என்று அங்கு எவரும் காத்திருப்பதில்லை. பிள்ளைகள் தாமே எழுதக் கற்கின்றனர். வானத்திலிருந்து வரும் செய்திக்காகக் காத்திராமல், தம் கையால் எழுதி, தம் அறிவால் ஆராய்ந்து, பிறப்பினால் தாழ்வு என்னும் பழம்பொய்யைத் தகர்க்கும் தலைமுறையை உருவாக்குவதே நம் சங்கத்தின் பணியாகும். அப்பணி தொடர்க!