மசராட்டி 3200 ஜிடி

இத்தாலியின் மோதனா நகரில் 1998 முதல் 2002 வரை தயாரான இரு கதவுக் கார். நெடுந்தூரத்தை வேகமாகவும் அலுப்பின்றியும் கடப்பதற்கான ‘கிராண்ட் டூரர்’ வகையைச் சேர்ந்தது. 1957இல் அறிமுகமான 3500 ஜிடியின் நினைவாக இப்பெயர் பெற்றது.

1914இல் பொலோனியாவில் தொடங்கிய மசராட்டி நிறுவனம், ஓர்சி குடும்பம், சித்ரோயன், தெ தொமாசோ எனக் கைமாறி 1993இல் ஃபியட்டிடம் வந்தது. 1997இல் அதன் பாதிப் பங்கு ஃபெராரிக்குப் போனது. பந்தயத் தடங்களில் பரம எதிரியாக இருந்த நிறுவனமே பொறுப்பேற்றபின் வந்த முதல் புதிய மாடல் இது.

1998 பாரிஸ் கண்காட்சியில் இது வெளியிடப்பட்டது. வெளிவடிவம் கார் வடிவமைப்பாளர் ஜியுஜாரோவின் இட்டல்டிசைன் நிறுவனத்துடையது. மசராட்டியின் போரா, மெராக் கார்களும் அங்கே உருவானவையே. உள்ளலங்காரம் என்ரிக்கோ ஃபூமியா செய்தது. முகப்புப் பலகையின் நடுவில் முள் கடிகாரம் ஒன்று உண்டு. பின்னிருக்கையில் பெரியவர்களும் ஒருவாறு உட்காரலாம். இவ்வகைக் கார்களில் இது அபூர்வம்.

எஞ்சின், இரட்டை டர்போ பொருத்திய 3,217 சிசி வி8. மசராட்டியின் முந்தைய ஷமால் காரில் இருந்த எஞ்சினின் வளர்ந்த வடிவமான இது, 370 குதிரைத்திறன் தந்தது. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 280 கி.மீ. டர்போ விழித்ததும் கார் சட்டெனப் பாயும். ஈரச் சாலையில் இது ஆபத்து என்றனர் விமர்சகர்கள்; அதுவே இதன் அழகு என்கிறார்கள் பிரியர்கள். அடுத்து வந்த கார் டர்போவைக் கைவிட்டு ஃபெராரி தயாரித்த எஞ்சினுக்கு மாறியதால், ‘கடைசி அசல் மசராட்டி’ என இதைக் கொண்டாடுவோர் உண்டு. முந்தைய உரிமையாளர்களின் கைவண்ணத்தையும் கணக்கில் எடுத்தால் ‘அசல்’ எது என்பது விவாதத்துக்குரியது.

இதன் தனி அடையாளம் பின்விளக்குகள். பின்மூடியின் இரு ஓரங்களிலும் பூமராங் வடிவில் வளைந்த எல்இடி வரிசைகள்; வெளி வளைவு பிரேக்குக்கு, உள் வளைவு திரும்பும் சைகைக்கு. எல்இடி பின்விளக்குடன் விற்பனைக்கு வந்த முதல் கார் இதுவே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எல்இடியாலான கூடுதல் பிரேக் விளக்கு மட்டும் 1980களிலேயே சில கார்களில் இருந்தது. அடுத்த மாடலில் பூமராங் கைவிடப்பட்டது. அமெரிக்க விதிகளே காரணம் என்பர்; அது மட்டுமே காரணமா என்பதில் ஒருமித்த கருத்தில்லை. 3200 ஜிடியோ அந்த நாட்டில் விற்கப்படவே இல்லை.

2000இல் தானியங்கி கியர் வகையும், 2001இல் ‘அசெட்டோ கோர்சா’ சிறப்புப் பதிப்பும் வந்தன. 2002இல் 4.2 லிட்டர் கூப்பே இதன் இடத்தைப் பிடித்தது. தயாரானவை மொத்தம் 4,795.