கல்வராயன் மலையும் காவல் விசாரணையும்

கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்த பகுதிகளான ஜாகிர்கள் 1976ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் நேரடி ஆளுகைக்கு வந்தன. அதற்கு இரண்டாண்டு முன்னரே, 1974 ஏப்ரல் முதல் நாளன்று அமலுக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம், காவல் அதிகாரி விசாரிக்குங்கால் சாட்சியானவன் உண்மையே உரைக்கக் கடமைப்பட்டவன் என்று தன் 161ஆம் பிரிவில் விதித்திருந்தது. 1882ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து, 1898இல் கைவிடப்பட்ட அக்கடமை முக்கால் நூற்றாண்டு கழித்து மீண்டு வந்தபோது, விசாரணையில் அறிந்தே பொய் கூறுபவனை இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 193ஆம் பிரிவின்படி சிறையிலடைக்கவும் வழி பிறந்தது.

சட்டம் இவ்விஷயத்தில் இத்தனை காலம் தயங்கியதற்கு நம் சென்னை ராஜதானியின் பூர்வ சரித்திரமும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன். 1854இல் நியமிக்கப்பெற்று மறு ஆண்டில் அறிக்கை தந்த சித்திரவதை விசாரணைக் கமிஷன், வரி வசூலுக்காகவும் வாக்குமூலத்துக்காகவும் ஏழைக் குடியானவனின் விரல்களைக் கிட்டியில் இட்டு நெரித்ததையும், கழுத்தையும் கால் விரல்களையும் ஒரே கயிற்றால் பிணைத்துக் குனிய வைக்கும் அண்ணாந்தாள் என்னும் கொடுமையையும் விவரமாகப் பதிவு செய்தது. அவ்விதம் பிடுங்கப்பட்ட சொல்லை எந்த நீதிபதி நம்புவார்? போலீசாரிடம் அளித்த குற்ற ஒப்புதலை 1861ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டமும் ஒதுக்கித் தள்ளின. தன்னையே குற்றத்தில் சிக்கவைக்கும் கேள்விக்கு மௌனம் சாதிக்கும் உரிமையை 1978இல் நந்தினி சத்பதி வழக்கில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் நிலைநாட்டினார். 

2024 ஜூன் மாதத்தில், கல்வராயன் மலையை அடுத்த கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. முதல் மரணங்களின்போது, கள்ளச்சாராயம் காரணமன்று என்று அதிகார பீடத்திலிருந்தே மறுப்பு வந்தது. பின்னர் ஆட்சியர் மாற்றப்பட்டார், காவல் கண்காணிப்பாளர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். மெத்தனால் அருந்தியவனுக்குச் சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் கண்ணையும் உயிரையும் பறிக்கவல்லது. ஆயினும் பொதுமக்களிடம் கூறப்படும் பிழையான மறுப்புக்கு அன்று நடைமுறையிலிருந்த 193ஆம் பிரிவில் இடமிருக்கவில்லை. சாராய ஊறல் எங்கேயென்று கேட்கும் அதிகாரியிடம், காய்ச்சுபவனுக்கும் போலீசுக்கும் ஒருங்கே அஞ்சி, "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று சொல்லும் மலையாளிப் பழங்குடிக் குடியானவனுக்கோ அதில் இடமிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு என் நெஞ்சை உறுத்துகிறது.

அவ்வாண்டு நவம்பர் 20ஆம் நாள் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கள்ளச்சாராய வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. மாநில அரசின் மேல்முறையீட்டை டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதே 2024ஆம் ஆண்டின் ஜூலை முதல் நாளன்றே இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துவிட்டபடியால், அதன் பின் உரைக்கப்படும் பொய்க்கு 229ஆம் பிரிவே பொருந்தும். சிறைத் தண்டனையின் அளவு மாறவில்லை. மத்திய அதிகாரிகள் சாட்சியாக அழைத்துக் கேட்கும் கேள்விக்கு உண்மை உரைக்கும் கடமை, மலையடிவாரத்துச் சாராய வியாபாரியின் அண்டை வீட்டானுக்கும் மாவட்ட அலுவலகத்தில் அமர்ந்திருந்தவர்களுக்கும் ஒரே அளவில்தான் விதிக்கப்பட்டிருக்கிறது.