எடிசன் ஸ்டாண்டர்ட் போனோகிராஃப்: பாகங்களின் காலமும் பழுதுபார்ப்பின் நெறியும்

எடிசன் நிறுவனத்தின் ‘ஸ்டாண்டர்ட்’ போனோகிராஃப் 1898இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மேல் அதன் பெயர் மாறவில்லை. உள்ளுறுப்புகள் மாறிக்கொண்டே இருந்தன. இன்று கிடைக்கும் ஒரு ஸ்டாண்டர்டில் 1903க்குரிய பெட்டியும், 1908க்குரிய பல்சக்கரமும், வேறொரு கம்பெனியின் ஹார்னும் சேர்ந்திருந்தால், சேகரிப்பாளர் பலர் அதைக் கலப்படம் என்று ஒதுக்கிவிடுகின்றனர். இந்தக் கணிப்பு பெரும்பாலும் தவறு. அத்தகைய கலவைக்கு வழிவகுத்ததே எடிசன் நிறுவனம்தான் என்பதை இயந்திரத்தின் வரலாறே காட்டுகிறது.

தொடக்ககால மெழுகு உருளைகளில் ஓர் அங்குலத்துக்கு 100 வரிப்பள்ளங்கள் இருந்தன. நிமிடத்துக்கு 160 சுற்று வேகத்தில் ஓர் உருளை ஏறக்குறைய இரண்டு நிமிடம் பாடும். 1902இல் அச்சில் வார்த்த கறுப்பு மெழுகு உருளைகள் வந்தபோதும் வரிகளின் இந்த நெருக்கம் மாறவில்லை. இசைத்தட்டுகளின் போட்டி வலுத்த பிறகு, 1908இல், அங்குலத்துக்கு 200 வரிகள் கொண்ட நான்கு நிமிட ‘அம்பெரால்’ உருளை வெளியானது. பழைய இயந்திரம் வைத்திருந்தவர்களை இழக்க விரும்பாத நிறுவனம், அதை மாற்றியமைக்கும் பாகத் தொகுப்பையும் சேர்த்தே விற்றது.

மாற்றம் எங்கே நடந்தது என்பதைப் புரிந்துகொண்டால் அடையாளம் காண்பது எளிது. உருளையைத் தாங்கும் மாண்ட்ரலும் ஒலிமுனையை நகர்த்தும் ஊட்டுத் திருகும் ஒரே அச்சில் அமைந்தவை. திருகின் மரை அங்குலத்துக்கு 100. உருளை ஒருமுறை சுற்றினால் ஒலிமுனை அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு நகரும். நான்கு நிமிட உருளைக்கு அதில் பாதிதான் நகர வேண்டும். எனவே மாண்ட்ரலுக்கும் திருகுக்கும் இடையே பல்சக்கரங்களைப் பொருத்தித் திருகின் வேகத்தைப் பாதியாக்கினார்கள். ஸ்டாண்டர்டின் முந்தைய மாதிரிகளான ‘ஏ’ அல்லது ‘பி’யில் இந்தச் சக்கரங்கள் இருந்தால், அது பிற்காலத்தில் முறையாக மாற்றப்பட்டது என்று கொள்ளலாம். ‘டி’ மாதிரி தொழிற்சாலையிலேயே இரண்டு வேகத்துக்கும் ஏற்பக் கட்டப்பட்டது.

ஒலிமுனையில்தான் ஏமாற்றம் அதிகம். இரண்டு நிமிட உருளைக்கு ‘சி’ ஒலிமுனை, நான்கு நிமிடத்துக்கு ‘எச்’, இரண்டுக்கும் பொதுவாக ‘கே’. மேல்மூடியில் உள்ள எழுத்தை மட்டும் நம்பக் கூடாது. மூடியும் அடியில் தொங்கும் எடையும் காலப்போக்கில் இடம் மாறியிருக்கலாம். ஒலிமுனையைக் கவிழ்த்து உருப்பெருக்கி வைத்துப் பார்க்க வேண்டும். ‘சி’யின் நீலக்கல் பொத்தான்போலப் பருத்திருக்கும், ‘எச்’சின் கல் சிறியது. ‘கே’யில் இரண்டு கற்கள், திருப்பி மாற்றிக்கொள்ளலாம். ‘சி’யை அம்பெராலில் வைத்தால் கல் ஒரு வரியில் அடங்காது, வரிகள் தேயும். வைர ஊசியை மெழுகில் வைப்பதோ உருளையைச் சுரண்டி எறிவதற்குச் சமம்.

‘ஏ’, ‘பி’ மாதிரிகளைப் பிரித்தறிய மாண்ட்ரலின் வலக்கோடியைப் பார்த்தாலே போதும். அதைத் தாங்கும் திறப்புக் கை ‘ஏ’யில் உண்டு, ‘பி’யில் இல்லை. காப்புரிமைத் தகட்டில் பொறித்த கடைசித் தேதி, இயந்திரம் அதற்கு முந்தியதல்ல என்பதை மட்டுமே சொல்லும். செய்த ஆண்டைச் சொல்லாது. ஹார்ன் விஷயத்திலும் அவசரம் கூடாது. 14 அங்குல ஹார்னே இயந்திரத்தோடு வந்துகொண்டிருந்தது. 1907 முதல்தான் நிறுவனம் பெரிய பூ வடிவ ஹார்னைத் தந்தது. அதற்கு முன்பே பிலடெல்ஃபியாவின் ஹாதார்ன் அண்ட் ஷெப்ல் போன்ற கம்பெனிகள் பெரிய ஹார்ன்களைத் தனியே விற்றன. 1903 இயந்திரத்தில் அவர்களுடைய ஹார்ன் இருப்பது குறையல்ல, அன்றைய வாடிக்கையாளரின் ரசனைக்குச் சான்று.

நம்மூர்ப் பழம்பொருள் கடைகளில் காணப்படும், நாய்ப்படம் ஒட்டிய, பளபளக்கும் பித்தளை ஹார்ன் கிராமஃபோன்கள் பலவற்றின் கதை வேறு. அண்மைக்காலப் பெட்டியில் எங்கோ கழற்றிய மோட்டாரைப் பொருத்தியவை அவை. அங்கே மாற்றத்துக்கு வரலாறு கிடையாது, விலை மட்டுமே உண்டு.

பழுதுபார்ப்பில் மாற்றியே தீரவேண்டியவை சில. ஒலிமுனையின் அதிர்தகட்டை இறுக்கும் ரப்பர் வாஷர் கல்லாக இறுகியிருக்கும். ஒலி கரகரப்பதற்கு முதற்காரணம் அதுவே. ஸ்பிரிங் டப்பாவில் பழைய கிரீஸ் கட்டிப்போனால் சுருள் விட்டுவிட்டு விரிந்து ‘டொக்’கென்று அடிக்கும். பழைய தோல் பெல்ட்டையும் மாற்ற வேண்டும். ஆனால் இரும்புப் பீடத்தின் தங்கக் கோடுகளையும் பெட்டியின் எழுத்துகளையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கவே கூடாது. மேற்பூச்சு அரக்கு கரைய, எழுத்தும் கூடவே போய்விடும். ஊட்டுத் திருகுக்கு மென்தூரிகை போதும், கம்பித் தூரிகை மரையைத் தின்றுவிடும்.

‘அசலுக்குத் திருப்புகிறேன்’ என்று 1908இன் பல்சக்கரங்களைக் கழற்றி எறிவது பழுதுபார்ப்பு ஆகாது. கழற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எடுத்த பாகங்களை உறையிலிட்டு, இயந்திரத்தின் வரிசை எண்ணையும் கழற்றிய தேதியையும் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.