ஒரு சாலட், ஒரு ஆட்டுப் பண்ணை

இந்த வாரம் வீட்டில் செய்து பார்க்க ஒரு ரெஸ்டாரண்ட் டிஷ்: சூடான ஆட்டுப்பால் சீஸ், பக்கத்தில் பச்சை இலை சாலட். கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஆலிஸ் வாட்டர்ஸ் 1971-ல் தொடங்கிய 'ஷே பனீஸ்' உணவகம் பிரபலமாக்கியது.

செய்முறை ரொம்ப சிம்பிள். வட்டமாக நறுக்கிய சீஸை தைம் இலை போட்ட ஆலிவ் எண்ணெயில் ஊறவைத்து, பிரெட் தூளில் புரட்டி, ஓவனில் சில நிமிடம் வைத்தால் போதும். "இதுல சமையல் எங்க இருக்கு?"ன்னு கேட்பீங்க.

பாதி வேலை அடுப்புக்கு வெளியே நடந்தது. அன்றைய அமெரிக்கக் கடைகளில் பெரும்பாலும் ஐஸ்பெர்க் லெட்யூஸ்தான். வாட்டர்ஸ் பிரான்ஸிலிருந்து விதை கொண்டுவந்து, வீட்டுக் கொல்லையில் கலவைக் கீரை வளர்த்தார். சீஸ் வந்தது சோனோமாவில் ஆடு வளர்த்த லாரா ஷெனெலிடமிருந்து. அவரும் பிரான்ஸுக்கே போய் சீஸ் செய்யக் கற்றவர். ஷே பனீஸ் தொடர்ந்து வாங்கியதால் அவர் தொழில் நிலைத்தது. மெனுவில் பண்ணையின் பெயர் போடும் வழக்கம் பரவியதிலும் இந்த உணவகத்துக்குப் பெரிய பங்குண்டு.

ஆக, செய்முறையை காப்பி அடிப்பது ஈஸி. நாளைக்குக் கீரைக்கார அம்மாகிட்ட, "இது எந்த ஊர்த் தோட்டம்மா?"ன்னு கேளுங்க. இந்த டிஷ் அங்கதான் ஆரம்பிக்குது.