தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஓவியப் போட்டிகள்

தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர் ஓவியப் போட்டிகள் என்பன, உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் ஓவியத் திறனை இனங்கண்டு பரிசும் பட்டமும் சான்றிதழும் வழங்கும் பொருட்டு மாநில அரசு, நடுவண் அரசு, தன்னார்வ அமைப்புகள் முதலியன நடத்தும் போட்டிகளாகும். சுவரோவியம், விழிப்புணர்வுப் பதாகை, கோலம் போன்ற சமூகப் பணிகளும் இவற்றுடன் நெருங்கிய தொடர்பு உடையவை. மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஓவியம் ஒரு பாடமன்று. ஆதலால் ஓர் அரசுப் பள்ளி மாணவருக்கு வரையத் தெரியும் என்பதற்கு எழுத்தில் கிடைக்கும் சான்று பெரும்பாலும் போட்டிச் சான்றிதழ் ஒன்றே. இப்போட்டிகளின் முதன்மையும் அவற்றின் குறையும் இதிலிருந்தே தொடங்குகின்றன.

பின்னணி

தமிழகத்தில் முறைசார் ஓவியக் கல்வி, 1850 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் அண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய கலைப் பள்ளியுடன் ஆரம்பமாகின்றது. அதுவே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி ஆகும். பள்ளிகளுக்கான ஓவிய ஆசிரியர்கள் வேறொரு வழியில் உருவாயினர். அரசுத் தேர்வுகள் துறை நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்தில் கீழ்நிலை, மேல்நிலை ஆகியவற்றில் தேர்ச்சி பெற்று, பின்னர் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் பெற்றவர்கள் இப்பணிக்கு வந்தனர். "டிராயிங் மாஸ்டர்" என்று அழைக்கப்பட்ட இவர்களே பள்ளியின் பெயர்ப்பலகை முதல் ஆண்டு விழா மேடையின் பின்திரை வரை வரைந்து தந்தவர்கள். போட்டி அறிவிப்பைப் படித்து, யாரை அனுப்பலாம் என்று முடிவு செய்தவர்களும் இவர்களே.

அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி ஆகிய நான்கும் சிறப்பாசிரியர் பணியிடங்களாகக் கொள்ளப்படுகின்றன. 2017 ஆம் ஆண்டில் ஆசிரியர் தேர்வு வாரியம் 1,325 சிறப்பாசிரியர் பணியிடங்களுக்குத் தேர்வு நடத்தியது. அவற்றுள் ஓவியத்துக்கு உரியவை 327. இதற்கு முன்னரே, 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 100 மாணவர்களுக்கு மேல் பயிலும் நடுநிலை வகுப்புகளுக்குக் கலைக்கல்வி, உடற்கல்வி, பணிக்கல்வி ஆகியவற்றில் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என வகுத்திருந்தது. இதன்படி 2012 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் 16,549 பகுதிநேர ஆசிரியர் பணியிடங்கள் தோற்றுவிக்கப்பட்டன. தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய் ஊதியம், வாரத்தில் மூன்று அரைநாள் பணி. ஊதியம் 2021 இல் 10,000 ஆகவும் 2024 இல் 12,500 ஆகவும் உயர்ந்தது. பணி நிரந்தரம் கோரி இவர்கள் பலமுறை போராட்டம் நடத்தியுள்ளனர்.

இவ்விவரங்கள் போட்டிகள் பற்றிய கட்டுரைக்குப் புறம்பானவை எனத் தோன்றலாம், ஆனால் அவ்வாறன்று. பகுதிநேர ஆசிரியர்கள் 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கென நியமிக்கப்பட்டவர்கள். மாநில, தேசிய அளவிலான பெரிய போட்டிகளோ 9 முதல் 12 வரையான வகுப்பினரை நோக்கியவை. போட்டி பெரிதாகும் வயதில் ஓவிய வகுப்பு சுருங்கிவிடுகின்றது.

முதன்மையான போட்டிகள்

இந்தியச் சிறுவர் ஓவியப் போட்டிகளுள் பழமையானவற்றில் ஒன்று, கேலிச்சித்திரக்காரர் கே. சங்கர் பிள்ளை 1949 இல் தொடங்கிய சங்கர் சிறுவர் போட்டி. 16 வயதுக்குட்பட்டோருக்கான இப்போட்டி பின்னர் பன்னாட்டுப் போட்டியாக வளர்ந்தது. படத்தை அஞ்சலில் அனுப்பினால் போதும் என்பதால், சிற்றூர்ப் பள்ளி மாணவருக்கும் தில்லியிலிருந்து பரிசு வரும் வாய்ப்பை இது ஏற்படுத்தியது.

தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் ஜவகர் சிறுவர் மன்றங்கள் இயங்குகின்றன. இங்கு 5 முதல் 16 வயது வரையான சிறுவர்களுக்குக் குரலிசை, பரதநாட்டியம், கிராமிய நடனம், ஓவியம் ஆகியன கற்பிக்கப்படுவதுடன், வயதுப் பிரிவு வாரியாக மாவட்ட, மாநிலப் போட்டிகளும் நடத்தப்படுகின்றன. மாவட்டக் கலை மன்றங்கள் வழங்கும் விருதுகளுள் 18 வயதுக்குட்பட்டோருக்கு உரியது "கலை இளமணி" ஆகும்.

நடுவண் அரசு 2015 ஆம் ஆண்டில் 9 முதல் 12 ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்குக் "கலா உத்சவ்" என்னும் தேசியக் கலை விழாவைத் தொடங்கியது. மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று நிலைகள் கொண்ட இதில், முதலில் குழுவாக நடத்தப்பட்ட காட்சிக்கலைப் போட்டி பிற்காலத்தில் தனிநபர் போட்டியாக மாற்றப்பட்டது. இருபரிமாணம், முப்பரிமாணம் என்னும் பகுப்பும் பின்னர் வந்தது. இவை தவிர, ஆற்றல் சேமிப்பைப் பொருளாகக் கொண்ட தேசிய ஓவியப் போட்டி 2005 முதல் நடுவண் அரசால் நடத்தப்பட்டு வருகின்றது. அதன் பரிசுகள் திசம்பர் 14, தேசிய ஆற்றல் சேமிப்பு நாளையொட்டி வழங்கப்படுகின்றன.

கலைத் திருவிழா

அரசுப் பள்ளி மாணவர்களைப் பொறுத்தவரை அண்மைக் காலத்தின் பெரிய மாற்றம், பள்ளிக் கல்வித்துறை 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா ஆகும். முதல் ஆண்டில் 6 முதல் 12 ஆம் வகுப்பு வரை பயிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு, 6-8, 9-10, 11-12 என்னும் மூன்று பிரிவுகளில் 200 க்கும் மேற்பட்ட போட்டிகள் நடத்தப்பட்டன. பள்ளி, வட்டாரம், மாவட்டம் ஆகிய படிகளைக் கடந்தவர்கள் மாநிலப் போட்டிக்கு வந்தனர். 2023 சனவரி 12 அன்று சென்னை நேரு உள்விளையாட்டு அரங்கில் நடைபெற்ற விழாவில் அப்போதைய முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பரிசுகளை வழங்கினார். மாநில அளவில் சிறந்து விளங்குவோருக்குக் "கலையரசன்", "கலையரசி" என்னும் பட்டங்கள் உண்டு. 2024-25 இல் தொடக்க வகுப்புகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன.

இதில் ஓவியம் தனித்து நிற்காமல் கவின்கலைப் பிரிவின் பகுதியாக உள்ளது. வண்ண ஓவியம், கேலிச்சித்திரம், களிமண் சிற்பம், மணல் சிற்பம், காய்கறிச் செதுக்கல் எனப் போட்டிகள் விரிகின்றன. காகித ஓவியத்தில் பழக்கம் இல்லாத, ஆனால் மண்ணையும் உளியையும் கையாளத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது முதன்முறையாக ஒரு வாயிலைத் திறந்தது எனலாம். வேளார், கொத்தர், தச்சர் வீடுகளில் பிள்ளை கற்றுக்கொண்ட வேலை, பள்ளியில் மதிப்பெண் பட்டியலுக்கு வெளியேதான் இருந்து வந்தது.

கலைத் திருவிழாவுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. தனியார் ஓவியப் பயிற்சி நிலையங்களில் பயிலும் நகர மாணவர்களே திறந்தநிலைப் போட்டிகளில் பெரும்பாலும் முன்னிற்கின்றனர். அவர்களிடம் நல்ல தூரிகையும் நீர்வண்ணமும், அதைவிட முதன்மையாக, கொடுத்த நேரத்துக்குள் படத்தை முடிக்கும் பழக்கமும் இருக்கும். அரசுப் பள்ளி மாணவர் மெழுகு வண்ணக்கோலுடன் அதே அறையில் அமர வேண்டியிருந்தது. அரசுப் பள்ளிகளுக்கென்றே தொடங்கப்பட்ட இவ்விழா, அந்த ஒப்பீட்டிலிருந்து அவர்களை விடுவித்தது.

தலைப்புகளும் படங்களும்

ஒரு வழமையான ஓவியப் போட்டியில் வரைதாள் மட்டும் அமைப்பாளர்களால் தரப்படும். வண்ணங்களை மாணவர் கொண்டுவர வேண்டும். தலைப்பு முன்கூட்டியோ அவ்விடத்திலோ அறிவிக்கப்படும். காலம் பொதுவாக ஒன்று முதல் இரண்டு மணி நேரம்.

தலைப்புகளை நடத்தும் அமைப்பே முடிவு செய்கின்றது. மின்சிக்கனம், நீர் சேமிப்பு, சாலைப் பாதுகாப்பு, நெகிழி ஒழிப்பு, வாக்காளர் கடமை முதலியன ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருட்கள் 2019 சனவரி 1 முதல் தடை செய்யப்பட்டபோதும், 2021 இறுதியில் மஞ்சப்பை இயக்கம் தொடங்கப்பட்டபோதும் அவை உடனே ஓவியத் தலைப்புகளாயின. இதனால் ஒரு போட்டி நடை உருவாகியுள்ளது: அழும் பூமிப்பந்து, செடியைத் தாங்கும் இரு கைகள், பாதி பசுமையாகவும் பாதி வறண்டும் பிரிந்த மரம், நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வாசகம். இவ்வடிவங்களைப் பயிற்சி செய்து மனப்பாடமாக வைத்திருக்கும் மாணவர் பரிசு பெறுகின்றார். தம் தெருவின் தண்ணீர்க் குழாயடியைப் பார்த்து வரைந்தவர், தலைப்பு தெளிவாக இல்லை எனப் பின்தள்ளப்பட நேரிடுகின்றது. பதாகைக் கலை தாழ்ந்தது அன்று. ஆனால் பார்த்து வரைதலே கலைக்கல்லூரி நுழைவுத் தேர்வின் அடிப்படை என்பதால், இவ்விரண்டுக்கும் இடையிலான தூரம் மாணவருக்குப் பின்னர் இடராகின்றது.

சமூகப் பணிகள்

போட்டிக்கு வெளியே மாணவர் ஓவியம் மிகுதியாகக் காணப்படுவது பள்ளிச் சுவர்களிலேயே. நாட்டு நலப்பணித் திட்ட முகாம்கள், தேசிய பசுமைப் படை, சுற்றுச்சூழல் மன்றங்கள் ஆகியவற்றின் வழியாக மாணவர்கள் பள்ளிச் சுற்றுச்சுவர், ஊராட்சிக் கட்டடம், பேருந்து நிறுத்தம் முதலிய இடங்களில் வரைகின்றனர். 2011 முதல் சனவரி 25 அன்று கொண்டாடப்படும் தேசிய வாக்காளர் நாளையொட்டிக் கோலப் போட்டிகளும் பதாகைப் போட்டிகளும் நடத்தப்படுகின்றன. தாளில் பிழைத்தால் வேறு தாள் எடுக்கலாம்; சுவரில் முடியாது. அளவுக் கட்டம் போட்டு ஒரு சிறு படத்தைப் பெரிதாக்குதல், சுண்ணாம்பு அடித்த பரப்பில் வண்ணம் ஊறாமல் பார்த்துக்கொள்ளுதல் போன்றவற்றைப் பலர் இவ்வாறே கற்கின்றனர்.

முன்னர் இத்திறனுக்கு ஊரிலேயே வேலை இருந்தது. நன்றாக வரையும் மாணவர் பள்ளிப்படிப்புக்குப் பின் பெயர்ப்பலகை, திரைப்படப் பதாகை எழுதுவோரிடம் சேர்ந்து தொழில் பழகினார். 2000 களில் நெகிழ்பதாகை அச்சு பரவியதும் அவ்வழி பெருமளவு அடைபட்டது.

அச்சில் வெளியாவதும் ஓர் அங்கீகாரமே. பள்ளிக் கல்வித்துறை 2022 இல் தொடங்கிய "ஊஞ்சல்", "தேன்சிட்டு" ஆகிய சிறார் இதழ்களில் மாணவர்களின் படைப்புகள் இடம்பெறுகின்றன.

அடி அண்ணாமலையும் திருவண்ணாமலைப் பகுதியும்

அடி அண்ணாமலை, திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் மலையின் மேற்குப்புறமாக அமைந்துள்ள ஊர். ஆதி அண்ணாமலை, அணி அண்ணாமலை என்றும் வழங்கும். இங்கு ஆதி அருணாசலேசுவரர் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் உள்ளன. மாணிக்கவாசகர் திருவெம்பாவையை இங்குப் பாடினார் என்பது மரபு. மார்கழியில் வாசல்தோறும் இடப்படும் கோலமே இப்பகுதிப் பிள்ளைகளின் முதல் வரைபயிற்சி. புள்ளிகளின் இடைவெளியைக் கண்ணால் அளக்கவும், கையெடுக்காமல் வளைகோட்டை இழுத்து முடிக்கவும் அது பழக்குகின்றது. இதே மாவட்டத்தில் போளூருக்கு அருகிலுள்ள திருமலையில் பழஞ்சமண ஓவியங்களும் உள்ளன.

எனினும், இவ்வூரிலிருந்து ஓவியம் பயில விரும்பும் ஒரு மாணவர் செல்ல வேண்டிய தூரம் மிகுதி. சென்னையின் கவின்கலைக் கல்லூரி ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள புதுச்சேரியின் பாரதியார் பல்கலைக்கூடம் வேறொரு ஆட்சிப்பகுதிக்கு உரியது. கும்பகோணத்தில் மற்றொரு அரசு கவின்கலைக் கல்லூரியும், சிற்பம் பயில விரும்புவோருக்கு 1957 இல் நிறுவப்பட்ட மாமல்லபுரம் கல்லூரியும் உள்ளன.

ஓவியத்துக்கு அண்டைத் துறையான வடிவமைப்பில், திருவண்ணாமலைப் பள்ளி மாணவி ஒருவர் உலக அளவில் அறியப்பட்டார். வினிஷா உமாசங்கர், கரி பயன்படுத்தும் துணி தேய்ப்பு வண்டிகளுக்கு மாற்றாகச் சூரிய ஆற்றலில் இயங்கும் வண்டியை வடிவமைத்தார். தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் அப்துல் கலாம் பெயரிலான இளையோர் விருதை 2019 இலும், சுவீடனின் சிறார் காலநிலைப் பரிசை 2020 இலும் பெற்றார். 2021 இல் எர்த்சாட் பரிசின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகி, அவ்வாண்டு நவம்பரில் கிளாசுகோ காலநிலை மாநாட்டில் உரையாற்றினார். தெருவோரத்தில் அன்றாடம் காணும் ஒரு வண்டியே அவருடைய கருப்பொருளானது என்பது, மேலே கூறிய போட்டித் தலைப்புகளுடன் ஒப்பிடத்தக்கது.

பரிசுக்குப் பின்

கேரளத்தில் 1957 முதல் நடைபெறும் பள்ளிக் கலோற்சவம், தமிழ்நாட்டின் கலைத் திருவிழாவுக்கு மூத்தது. வெற்றி பெறும் மாவட்டத்துக்கு 117.5 பவுன் தங்கக் கோப்பை வழங்கும் இவ்விழாவில், மாநில நிலையில் தரம் பெறும் மாணவருக்குப் பொதுத்தேர்வில் கருணை மதிப்பெண் சேர்க்கும் நடைமுறையும் உண்டு. அம்மதிப்பெண்ணுக்காகப் பெற்றோர் பெருஞ்செலவு செய்வதும், தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடுகள் குவிவதும் அங்கு நெடுநாள் சிக்கல்களாக உள்ளன. தமிழ்நாட்டில் பரிசு பெரும்பாலும் பட்டமும் சான்றிதழும் பாராட்டும் என்ற அளவிலேயே நிற்கின்றது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடஒதுக்கீடு 2020 இல் மருத்துவத்திலும், 2021 இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றிலும் நடைமுறைக்கு வந்தது. கவின்கலை இவ்வரிசையில் சேர்க்கப்படவில்லை. கவின்கலைப் படிப்புகளுக்கான சேர்க்கையில் திறனறி செய்முறைத் தேர்வு முதன்மையானது. நிலைப்பொருள் வரைதல், உருவம் வரைதல், வண்ண அமைப்பு போன்றவற்றை ஒருநாளேனும் முறையாகப் பழகாத ஒருவர், வீட்டில் எத்தனைச் சான்றிதழ்கள் வைத்திருந்தாலும் அத்தேர்வில் தடுமாறுவார். சேர்ந்துவிட்டால் நிலைமை ஓரளவு எளிதாகின்றது: அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு 2022 முதல் "புதுமைப் பெண்" திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 முதல் "தமிழ்ப் புதல்வன்" திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்பட்டது. வண்ணக்குழல்களும் கித்தானும் வாங்கும் செலவுக்கு அத்தொகை முழுவதும் போதாது. விடுதியில் தங்கிப் பயிலும் முதல் தலைமுறை மாணவருக்கு அதுவே மாதத்தின் வண்ணப் பெட்டியாகும்.