கடைசிப் பந்தியில் வந்தவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது எங்கட உதைபந்தாட்டம் இல்லை. அரியாலையிலும் குருநகரிலும் வெறுங்காலோடு விளையாடினோமே, அது இல்லை. தலைக்கவசம் போட்டு, தோளுக்கு மெத்தை கட்டிக்கொண்டு, நாம்பன் மாடுகள் முட்டுகிற மாதிரி முட்டிக்கொள்கிற அமெரிக்கப் புட்போல். கையால்தான் கூடுதலாக விளையாடுகிறார்கள், பிறகேன் இந்தப் பெயர் என்று வந்த புதிதில் நானும் கேட்டேன். ஒருத்தரும் ஒழுங்கான பதில் சொல்லவில்லை.

சான்டா கிளாராவில் நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடையிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போர்ட்டி நைனர்ஸ் அணியின் மைதானம் கிட்டத்தான். 2014இல் அதைத் திறந்தார்கள். விளையாட்டு நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் கடை காயும். பின்னேரம் சிவப்புச் சட்டைக்காரர் வந்து நிறைவார்கள். வென்றால் இருந்து சாப்பிடுவார்கள், டிப்ஸும் விழும். தோற்றால் பார்சல். ஆகவே இந்த அணி வெல்லவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதற்கு முதற்காரணம் விளையாட்டுப் பைத்தியம் இல்லை. பைத்தியம் பிறகுதான் பிடித்தது. பிடிக்க வைத்தவர் எங்கள் குசினியில் வேலை செய்யும் ஒரு மெக்சிக்கோக்கார அண்ணர். சான் ஹொசேயில் வளர்ந்தவர், அறுபதைத் தாண்டியவர். வெங்காயம் உரித்துக்கொண்டே எழுபதுகளின் கதையை எனக்குச் சொல்லித் தந்தவர் அவர்தான்.

2024இல் இந்த அணி 6 வென்று 11 தோற்றதும் கடையில் எல்லோரும் மருத்துவர் ஆனார்கள். இவனை வாங்கு, அவனை வில், இன்னொரு பெரிய பெயரைப் பிடி என்று ஆளுக்கொரு வைத்தியம். எனக்கு வைத்தியம் தெரியாது, பழைய கதைதான் தெரியும். இதே அணி ஐம்பது வருடத்தில் மூன்று முறை தன் நாளையை ஈடு வைத்திருக்கிறது. மூன்று முறையும் ஈடு மூழ்கிப்போனது.

கதைக்குள் போகமுதல் ஒரு விளக்கம். இந்த லீக்கில் பல்கலைக்கழகங்களில் விளையாடி முடித்த பொடியன்களை ஆண்டுதோறும் அணிகள் வரிசையாகத் தெரிந்தெடுக்கும். இதை டிராப்ட் என்பார்கள். 1936இல் தொடங்கியது. பிலடெல்பியா அணி முதலாளி பேர்ட் பெல்லின் யோசனை. போன வருடம் ஆகத் தோற்றுப்போன அணிக்கே முதல் ஆளை எடுக்கும் உரிமை. தோற்றவனுக்கு முதற்பந்தி! முதலாளித்துவத்தின் தலைநகரத்தில் இப்படி ஒரு சமதர்மம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருத்தராக எடுத்துக்கொண்டு போவார்கள். இப்போது 7 சுற்று, அந்த நாளில் 12. இந்த உரிமையை மற்ற அணிக்கு விற்கலாம், அடுத்த வருட உரிமையையும் அதற்கடுத்த வருட உரிமையையும்கூட முன்கூட்டியே கொடுத்து இன்றைக்கு ஒரு ஆளை வாங்கலாம். வில்லங்கம் அங்கேதான்.

1976இல் நைனர்ஸ் ஜிம் பிளங்கெட்டை வாங்கியது. குவாட்டர்பக், அதாவது பந்தை எறிகிற தலையாள். சான் ஹொசேயில் வளர்ந்த மெக்சிக்கோ வம்சாவளிப் பொடியன், தாயும் தகப்பனும் கண் பார்வை இல்லாதவர்கள், பக்கத்து ஸ்ரான்போர்டில் படித்து நாட்டிலேயே சிறந்த கல்லூரி வீரன் என்று பரிசு வாங்கியவர். (எங்கள் குசினி அண்ணருக்கு இவர் பெயரைச் சொன்னால் கத்தி நின்றுவிடும்.) அவருக்காகக் கொடுத்த விலை மூன்று முதற்சுற்று உரிமைகள், ஒரு இரண்டாஞ்சுற்று உரிமை, கூட ஒரு ஆள். இரண்டே வருடம். 1978இல் அவரைச் சும்மா வெளியே விட்டார்கள். அவர் வளைகுடாவுக்கு எதிர்ப்பக்கம் ஓக்லண்ட் போய், 1981 ஜனவரியில் சுப்பர் போலை வென்று, அந்த ஆட்டத்தின் சிறந்த வீரரும் ஆனார்.

பிளங்கெட்டை விட்ட அதே 1978இல் ஓ.ஜே. சிம்சனை வாங்கினார்கள். பிற்காலத்தில் வழக்குக்குப் பேர்போன அதே ஆள்தான், அப்போது ஓட்டத்துக்குப் பேர்போனவர். அவரும் சான் பிரான்சிஸ்கோ பிள்ளை. வயது 30, முழங்காலில் காயம். பஃபலோ அணிக்கு ஐந்து உரிமைகள் கொடுக்கப்பட்டன. அதில் 1979இன் முதற்சுற்றும் ஒன்று. எடி டிபார்ட்டொலோ என்ற 30 வயது முதலாளி 1977இல்தான் அணியை வாங்கியிருந்தார். அவர் நியமித்த ஜோ தோமஸ் என்ற நிர்வாகி செய்த வியாபாரம் இது. ஊர்ப்பிள்ளையின் பெயருக்குச் சனம் வரும் என்று நினைத்திருக்கலாம். சிம்சன் அந்த வருடம் 593 யார் ஓடினார், பந்தோடு ஓடி எல்லையைத் தொட்டது ஒரே ஒரு தடவைதான். அணி 16 ஆட்டத்தில் 2 வென்றது. லீக்கிலேயே ஆகக் கடைசி. ஆகவே 1979இன் முதல் ஆள் இவர்களுக்கு வரவேண்டும். ஆனால் அந்த உரிமை பஃபலோவிடம். ஆகக் கேவலமாகத் தோற்றும் முதற்பந்தியில் இடமில்லை. (அந்த உரிமையில் பஃபலோ எடுத்த ஆள் அவர்களோடு ஒப்பந்தம் செய்யாமல் மொன்றியலுக்கு விளையாடப் போய்விட்டார். மொன்றியல்காரர் சந்தோஷப்படலாம்.)

இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தங்கச்சியின் ஞாபகம் வரும். எங்கட வீட்டிலும் இதுதான் நடந்தது. நான் கம்பசில் இரண்டாம் வருடம். நாட்டு நிலைமை உங்களுக்குத் தெரியும். ஆம்பிளைப் பிள்ளை, எப்படியாவது வெளியே அனுப்பவேண்டும் என்று அம்மா தங்கச்சிக்கென்று வைத்திருந்த நாலு பரப்புக் காணியை ஈடு வைத்தார். முதல் ஏஜென்சிக்காரன் காசோடு மாறிவிட்டான். பிறகு தங்கச்சியின் நகை. படிப்பில் என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி, அதை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவளுடைய வருடங்களைக் கொடுத்து என்னை வாங்கினார்கள். காணியை மீட்டுக் கொடுக்க எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது, அதுவும் இன்னொருத்தன் கடையில் தோசை வார்த்து. அவள் அங்கேயே இருந்து, இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, தானாகப் படித்து இன்று ரீச்சர். ஒருநாளும் இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

சரி, கதைக்கு வருவோம். 1979 ஜனவரியில் தோமஸை அனுப்பிவிட்டு டிபார்ட்டொலோ ஸ்ரான்போர்டிலிருந்து பில் வோல்ஷைக் கொண்டுவந்தார். வோல்ஷ் சின்சினாட்டியில் எட்டு வருடம் உதவிப் பயிற்சியாளர். 1976இல் தலைமைப் பதவி தனக்கு வரும் என்று இருந்தவருக்கு வரவில்லை, இன்னொரு உதவியாளருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அங்கே ஒன்று கற்றிருந்தார். கைப்பலம் குறைந்த ஒரு குவாட்டர்பக்கை வைத்துக்கொண்டு, தூரத்துக்கு எறியாமல், குறுக்கே குட்டிக் குட்டியாக எறிந்து முன்னேறும் ஒரு முறை. பிற்காலத்தில் அதற்கு ‘மேற்குக் கரை’ முறை என்று பெரிய பெயர் வந்தது. எங்களுக்குப் புரிகிற மாதிரிச் சொன்னால், சந்தைக்குப் போகக் காசில்லை, பிரிட்ஜில் இருக்கிறதை வைத்துச் சமைத்தார்.

அந்த முறைக்கு ஏற்ற ஆளை 1979இல் மூன்றாஞ்சுற்றின் கடைசியில், 82ஆவதாக எடுத்தார். ஜோ மொன்டானா. மெலிந்த பொடியன், கை பலமில்லை என்று மற்றவர்கள் விட்டவர். அந்த வருடப் பிறப்பன்று கல்லூரி ஆட்டம் ஒன்றில் குளிரில் உடல் விறைத்து, இடைவேளைக்குப் பிறகு உள்ளே படுத்துக் கோழிச் சூப் குடித்து, திரும்பி வந்து 34க்கு 12 என்று இருந்த ஆட்டத்தை 35க்கு 34 என்று வென்றவர். அதைப் பார்த்தும் 81 முறை வேறு ஆட்களை எடுத்தார்கள்! பத்தாஞ்சுற்றில் 249ஆவதாக வந்தவர் டுவைட் கிளார்க். கிளெம்சனில் இன்னொரு வீரரைப் பார்க்க வோல்ஷ் ரெலிபோன் எடுத்தபோது, அறைத்தோழனான கிளார்க்தான் தூக்கினார். பந்து பிடிக்க ஆள் தேவை, நீயும் வா என்றார் வோல்ஷ். அப்படிக் கிடைத்தவர்.

அந்த முதல் வருடமும் 2 வெற்றி, 14 தோல்வி. இதை மறக்கக்கூடாது. மொன்டானாவை அவசரப்பட்டு இறக்கவில்லை, பெரும்பாலும் வாங்கிலே இருத்தினார். 1980இல் முதல் மூன்றையும் வென்று, பிறகு தொடர்ந்து எட்டுத் தோல்வி. இன்றைய ரசிகர்கள் என்றால் வோல்ஷைக் கட்டித் தூக்கியிருப்பார்கள். அந்த டிசம்பரில் நியூ ஓர்லியன்சுக்கு எதிராகப் பாதி ஆட்டத்தில் 35க்கு 7 என்று பின்னால் நின்று 38க்கு 35 என்று வென்றார்கள். குசினி அண்ணர் அன்றைக்குத்தான் நம்பினாராம்.

பின்வரிசைத் தடுப்புக்கு 1981இல் மூன்று புதுப் பொடியன்களை எடுத்து மூவரையும் உடனே இறக்கினார்: றொனி லொட், எரிக் றைட், கார்ல்ட்டன் வில்லியம்சன். அவர்களோடு நாலாவதாக நின்றவர் டுவைட் ஹிக்ஸ். இவரைப் பற்றி நான் தனியாக எழுதவேண்டும். இரண்டு அணிகள் கழித்துவிட, டிட்ரோயிட் பக்கம் ஒரு சத்துணவுக் கடையில் வேலை செய்துகொண்டிருந்தவரை 1979இல் கூப்பிட்டார்கள். கடையில் சாமான் அடுக்குகிறவனுக்கு அப்படி ஒரு அழைப்பு வந்தது என்று வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கட்டி முடிந்த வீட்டுக்குத்தான் பிறகு கதவு வாங்கினார். லொஸ் ஏஞ்சல்ஸ் கழித்துவிட்ட ஜக் றெனோல்ட்ஸ் என்ற கிழவரைச் சேர்த்தார். காலைச் சாப்பாட்டுக்கே முழு விளையாட்டு உடுப்போடு வந்து உட்காருகிற மனிதர். அவரைப் பார்த்துப் பொடியன்கள் பயந்து பழகினார்கள். சம்பளத் தகராறில் இருந்த பிரெட் டீனை 1981 ஒக்டோபரில் சான் டியாகோவிடமிருந்து வாங்கினார். வந்து சில நாளில் டலஸை 45க்கு 14 என்று நொறுக்கினார்கள். 1982 ஜனவரி 10, அதே டலஸோடு, தங்கள் எல்லையிலிருந்து 11 யாரில் தொடங்கி 89 யார் நகர்ந்து, 51 விநாடி மிஞ்சியிருக்க மொன்டானா எறிந்தார், கிளார்க் எம்பிப் பிடித்தார். 28க்கு 27. 82ஆவது ஆள் எறிய 249ஆவது ஆள் பிடித்தது. இரண்டு கிழமையில் சுப்பர் போல், எதிரி வோல்ஷுக்குப் பதவி கொடுக்காத அதே சின்சினாட்டி. 26க்கு 21.

டிபார்ட்டொலோவின் பணமும் இதில் உண்டு, மறைக்கத் தேவையில்லை. அப்போது சம்பள உச்சவரம்பு கிடையாது, அது 1994இல்தான் வந்தது. ஆனால் 1986இல் வோல்ஷ் முதற்சுற்றில் ஒருவரையும் எடுக்காமல், உரிமையைப் பின்னுக்குப் பின்னுக்கு விற்று, சில்லறையாக்கி, பின்சுற்றுகளில் ஆட்களை அள்ளினாரே, அது பணத்தால் வந்த புத்தி இல்லை. சார்ல்ஸ் ஹேலி, ஜோன் டெய்லர், டொம் றாத்மன் எல்லாம் அந்த வருடத்து ஆட்கள்.

பாடம் படித்த அணி என்று நினைப்பீர்கள். 2016இல் மறுபடி 2 வெற்றி, 14 தோல்வி. 2017இல் கைல் ஷனஹனும் ஜோன் லிஞ்சும் வந்தார்கள். ஐந்தாஞ்சுற்றில் ஜோர்ஜ் கிட்டில், மூன்றாஞ்சுற்றில் பிரெட் வோர்னர் என்று ஒழுங்காகக் கட்டி, 2019இல் 13 வெற்றி, 3 தோல்வி, சுப்பர் போல் வரை போனார்கள். பிறகு பொறுமை போய்விட்டது. 2021இல் ட்ரே லான்ஸ் என்ற குவாட்டர்பக்கை மூன்றாவதாக எடுப்பதற்கு மூன்று முதற்சுற்று உரிமைகளையும் ஒரு மூன்றாஞ்சுற்றையும் மயாமிக்குக் கொடுத்தார்கள். பிளங்கெட்டின் விலை அப்படியே! பாவம் அந்தப் பொடியன், நாலு ஆட்டம்தான் தொடக்கத்திலிருந்து விளையாடினான், கணுக்கால் உடைந்தது, 2023இல் ஒரு நாலாஞ்சுற்று உரிமைக்கு டலஸுக்குப் போனான். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. தனக்காக எதை விற்றார்கள் என்பதைச் சுமந்துகொண்டு ஓடுவது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அணியைக் காப்பாற்றியது 2022இன் 262ஆவது ஆள், புறொக் பேர்டி. அந்த வருடம் எடுத்ததே 262 பேர்தான். 2023இல் அவர் சம்பளம் 870,000 டொலர், அந்த மலிவில் மற்ற எல்லோருக்கும் சம்பளம் கொடுக்க முடிந்தது. 2024 பெப்ரவரியில் சுப்பர் போலில் மேலதிக நேரத்தில் 25க்கு 22 என்று தோற்றார்கள்.

ஒருவர் கேட்டார், அப்போ 2022இல் நாலு உரிமை கொடுத்துக் கிறிஸ்டியன் மக்கவ்றியை வாங்கினது மட்டும் சரியா என்று. நியாயமான கேள்வி. சரிதான். டீனை வாங்கின மாதிரித்தான் அது. வீடு நின்றது, கதவு குறைவாக இருந்தது. சிம்சனை வாங்கியபோது அத்திவாரமே இல்லை. கொடுத்த உரிமைகளிலும் முதற்சுற்று ஒன்றும் இல்லை.

2025 மே மாதம் பேர்டிக்கு ஐந்து வருடத்துக்கு 265 மில்லியன் டொலர் எழுதினார்கள். மலிவுக் காலம் முடிந்தது. அதற்கு முன்னமே டீபோ சாமுவேல் உட்படப் பலரை அனுப்பியிருந்தார்கள், கடையில் பெரிய அழுகை. எனக்கு அந்தச் செய்தியைவிட ஏப்ரலில் அவர்கள் ஒரு உரிமையையும் அவசரப்பட்டு விற்காமல் 11 பேரை எடுத்ததுதான் பெரிய செய்தி. மூன்றாம் நாள் சனிக்கிழமை, மத்தியானப் பந்தி நேரம், அண்ணர் போனை உப்பு டின்னில் சாய்த்து வைத்திருந்தார். ஏழாஞ்சுற்று வந்தபோது ஓடர் எழுதுகிற துண்டை எடுத்துப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழுதினார். அந்தத் துண்டை பிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். முதலாளி வந்து என்ன இது என்றார். புது ஆட்கள் என்றேன்.